மதிலா, பூசந்தியா, கப்பலா? கி.மு. 480-இல் ஏதென்ஸ் எடைபோட்ட வழிகள்

ஆளுக்கு 10 திராக்மா வெள்ளிக் காசு கையில் வாங்கிக்கொள்வதா, அந்தப் பணத்தைப் போட்டுக் கப்பல் கட்டுவதா? கி.மு. 483 வாக்கில் ஏதென்ஸ் மக்கள் சபைக்கு முன்னால் வந்த கேள்வி இது. லாரியோன் சுரங்கத்தில் புதிதாக வெள்ளி கிடைத்திருந்தது. தோண்டியவர்கள் அடிமைகள். பங்கு பிரிக்கக் காத்திருந்தவர்கள் குடிமக்கள். ஊர்ப் பொதுவில் வந்த பணத்தை ஊராரே பங்கு வைத்துக்கொள்வது கிரேக்க நகர அரசுகளில் புதிதல்ல. சிஃப்னோஸ் தீவில் சுரங்க வருமானத்தை அப்படித்தான் பிரித்துக்கொண்டார்கள். ஏதென்ஸிலும் அதுதான் நடந்திருக்கும். தெமிஸ்டோக்ளிஸ் என்ற ஏதென்ஸ் தலைவர் எழுந்து, பங்கு வேண்டாம், கப்பல் கட்டுவோம் என்றார்.

அவர் பாரசீகப் பேரரசைக் காட்டிப் பயமுறுத்தவில்லை. பக்கத்துத் தீவான ஏஜினாவைக் காட்டினார். ஏதென்ஸுக்கும் ஏஜினாவுக்கும் தீராத சண்டை. அந்தத் தீவின் கப்பல்களைக் கரையில் நின்றபடியே ஏதென்ஸ்காரன் பார்த்திருக்கிறான். தூரத்துப் பேரரசைவிடப் பக்கத்துப் பகையே கையை மடக்கிப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வைக்கும். சபை ஒத்துக்கொண்டது. ஒரு மரபுப்படி 100 செல்வந்தர்களிடம் ஆளுக்கு ஒரு தாலந்து, அதாவது 6,000 திராக்மா, கொடுத்து ஆளுக்கு ஒரு கப்பல் கட்டச் சொன்னார்கள். போர் வந்தபோது ஏதென்ஸிடம் 200 கப்பல்கள் இருந்தன.

இந்த முடிவை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. மூன்று வருடம் கழித்துப் பாரசீக மன்னர் செர்க்சிஸின் படை வந்தபோது ஏதென்ஸ் பல வழிகளை எடைபோட்டது. அவற்றில் பாதி, இந்த 10 திராக்மாவை விட்டுக்கொடுத்ததால் மட்டுமே கிடைத்த வழிகள்.

ஏதென்ஸுக்குப் பக்கத்துத் தீவான சலாமிஸில் நடந்த கடற்போரில் கிரேக்கர்கள் ஜெயித்தார்கள், அதனால் கப்பல் முடிவு சரி என்று சொல்லிவிடுவது எளிது. அப்படிச் சொன்னால் ஒப்பிட எதுவுமே இல்லை. அன்றைக்கு அந்த மனிதர்கள் கையில் இருந்ததை மட்டும் வைத்து, ஒவ்வொரு வழியிலும் தோற்றால் என்ன மிஞ்சும், சுமை யார் தோளில் விழும், யாரை நம்பி நிற்க வேண்டும் என்று பார்ப்போம்.

பணிந்து போவது

பாரசீகத் தூதர்கள் கேட்டது மண்ணும் நீரும். கொடுத்தால் அடங்கியதாக அர்த்தம். தீப்ஸ் கொடுத்தது, தெஸ்ஸாலி கொடுத்தது. உயிர் தப்பலாம், வயல் தப்பலாம். அதை வெறும் கோழைத்தனம் என்று நான் ஒதுக்க மாட்டேன். பெரும் படை போகும் பாதையில் வீடு வைத்திருப்பவனின் கணக்கு வேறு.

ஆனால் ஏதென்ஸின் நிலைமையில் பணிவதற்கு இன்னொரு விலையும் இருந்தது. ஒரு தலைமுறைக்கு முன்புதான் அவர்கள் பெய்சிஸ்ட்ராட்டஸ் குடும்பத்தின் சர்வாதிகாரத்தைத் துரத்தியிருந்தார்கள். கி.மு. 508 வாக்கில் கிளைஸ்தெனிஸ் தொடங்கிய மக்களாட்சி அப்போதுதான் வேர் பிடித்துக்கொண்டிருந்தது. துரத்தப்பட்ட அந்தக் குடும்பத்தார் செர்க்சிஸின் படையோடு கூடவே வந்தார்கள். மண்ணும் நீரும் கொடுத்தால் யார் நகரத்தை ஆளப்போகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். எனவே ஏதென்ஸுக்கு இது போர் பற்றிய கேள்வியாகவும் ஆட்சி பற்றிய கேள்வியாகவும் ஒரே நேரத்தில் இருந்தது.

மாரத்தானைத் திரும்பச் செய்வது

பத்து வருடம் முன்பு, கி.மு. 490-இல், மாரத்தான் கடற்கரையில் ஏதென்ஸின் கவசக் காலாட்படை பிளாட்டீயா நகரத்து வீரர்களோடு சேர்ந்து பாரசீகர்களை ஓட விட்டிருந்தது. ஏதென்ஸ் தரப்பில் செத்தவர்கள் 192 பேர். அந்த வெற்றியைப் பார்த்த ஒருவன், அதே மாதிரி இன்னொரு முறை நிற்போம் என்று சொன்னால் அதில் தப்பில்லை.

ஆனால் மாரத்தானில் வந்தது கடல் வழியாக வந்த ஓர் அளவான படை. இந்த முறை செர்க்சிஸ் ஹெலஸ்பாண்ட் ஜலசந்தியில் பாலம் போட்டு, ஆதோஸ் தீபகற்பத்தை வெட்டிக் கால்வாய் எடுத்து, தரையிலும் கடலிலும் ஒன்றாக வந்தார். அப்புறம், மாரத்தானிலேயே ஒரு பாடம் இருந்தது. போர்க்களத்தில் ஜெயித்த கையோடு வீரர்கள் நகரத்துக்கு ஓட வேண்டியிருந்தது. ஏனென்றால் மிச்சமிருந்த பாரசீகக் கப்பல்கள் சூனியன் முனையைச் சுற்றிக்கொண்டு காவல் இல்லாத ஏதென்ஸை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. கடல் எதிரியிடம் இருந்தால் தரையில் ஜெயித்தவனுக்கு உட்கார நேரம் கிடையாது. இதை அந்த ஓட்டம் ஓடியவர்கள் உடம்பாலேயே அறிந்திருந்தார்கள்.

அக்ரோபொலிஸ் மதில்

டெல்ஃபி கோயிலில் ஏதென்ஸ் தூதர்கள் தெய்வக் குறி கேட்டார்கள். முதல் குறி, உலகத்தின் விளிம்புக்கு ஓடுங்கள் என்றது. அவர்கள் அதோடு ஊர் திரும்ப மனமில்லாமல் மறுபடி கேட்டார்கள். இரண்டாவது குறியில் மரச்சுவர் மட்டும் விழாமல் நிற்கும் என்று ஒரு வரி வந்தது. கடைசியில் சலாமிஸின் பெயரும் வந்தது.

மரச்சுவர் என்றால் என்ன? கோயில்கள் இருந்த அக்ரோபொலிஸ் குன்றைச் சுற்றி ஒரு காலத்தில் முள்வேலி இருந்தது, அதுதான் என்றார்கள் பெரியவர்கள் சிலர். குறி சொல்லத் தெரிந்தவர்களில் வேறு சிலர், சலாமிஸில் சண்டை போட்டால் தோற்போம், இந்த மண்ணையே விட்டுப் போய் வேறெங்காவது குடியேறுவோம் என்றார்கள். மரச்சுவர் என்பது கப்பல்கள் என்றார் தெமிஸ்டோக்ளிஸ். ஒரே வரிக்கு மூன்று அர்த்தம். மூன்றில் எது சரி என்று முடிவு செய்தது கோயில் பூசாரியோ அரசனோ அல்ல, மக்கள் சபை. தெய்வ வாக்கைக்கூடக் கை தூக்கி வாக்கெடுத்துத் தீர்மானித்த ஊர் அது.

குன்றின் மேல் உட்காருவதில் என்ன குறை? அதையும் ஏதென்ஸ் கண்ணால் பார்த்திருந்தது. கி.மு. 508 வாக்கில் ஸ்பார்ட்டா மன்னர் கிளியோமெனிஸ் அதே அக்ரோபொலிஸைப் பிடித்து உட்கார்ந்தார். ஊர் மக்கள் கீழே சூழ்ந்துகொண்டார்கள். இரண்டு நாள் தாக்குப்பிடித்தார். மூன்றாம் நாள் சமாதானம் பேசி இறங்கினார். ஸ்பார்ட்டா வீரர்களுக்கே மூன்று நாள் என்றால், ஒரு நகரத்து மக்கள் மொத்தமும் எத்தனை நாள்?

அப்படியும் சிலர் தங்கினார்கள். கோயில் பொருளாளர்களும், சலாமிஸுக்குப் போக வழியில்லாத ஏழைகள் சிலரும். கதவுகளையும் பலகைகளையும் வைத்து அடைத்தார்கள். பாரசீகர்கள் எதிரே இருந்த குன்றிலிருந்து எரியும் நாரைச் சுற்றிய அம்புகளை விட்டார்கள். அடைப்பு எரிந்தது. உள்ளே இருந்தவர்கள் அதற்குப் பிறகும் விடாமல் கற்களை உருட்டிவிட்டு எதிர்த்தார்கள். கடைசியில், யாரும் ஏற முடியாது என்று காவல் வைக்காமல் விட்ட செங்குத்துப் பாறை வழியாக எதிரிகள் மேலே வந்துவிட்டார்கள். கோயில்கள் எரிந்தன. இதில் மடிந்தவர்களை ஏமாந்தவர்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. தெய்வ வாக்கை நேரடியாக நம்பியவர்கள் அவர்கள். சிலர் வறுமையால் தங்கினார்கள். எந்தப் போர்த் திட்டத்திலும் கடைசிப் படகில் இடம் கிடைக்காத ஆட்கள் உண்டு.

கப்பலின் உள்ளே

கப்பல் வழியை ஒப்பிட, ஒரு கப்பலுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். ட்ரைரீம் எனப்படும் அந்தக் கப்பல் ஏறத்தாழ 37 மீட்டர் நீளம், ஐந்தரை மீட்டர் அகலம். அதற்குள் 200 பேர். அவர்களில் 170 பேர் துடுப்பு வலிப்பவர்கள்: மேல் வரிசையில் 62, நடுவில் 54, அடியில் 54. ஆளுக்கு ஒரு துடுப்பு, உட்கார ஒரு சின்ன மெத்தை, துடுப்பைக் கட்ட ஒரு தோல்வார். தரையில் நடந்துபோக வேண்டி வந்தால் இந்த மூன்றையும் அவரவரே தூக்கிக்கொண்டு போக வேண்டும். அடி வரிசையில் உட்கார்ந்தவருக்குக் கடலே தெரியாது. துடுப்பு போகும் துளை நீர்மட்டத்துக்குக் கொஞ்சம்தான் மேலே இருக்கும். தண்ணீர் புகாமல் தோல் உறை போட்டு அடைத்திருப்பார்கள். தன் துடுப்பின் நுனியைப் பார்க்க முடிந்தவர்கள் மேல் வரிசைக்காரர்கள் மட்டுமே. மற்ற 108 பேரும் குழல் ஓசையையும் கூட இருப்பவர்களின் அசைவையும் வைத்து வலித்தாக வேண்டும். கப்பலின் ஆயுதம் முகப்பில் இருக்கும் வெண்கல முட்டுக்கொம்பு. அதை எதிரியின் பக்கவாட்டில் இறக்குவது இந்த 170 முதுகுகளின் வேலை.

சமைக்க இடமில்லை, தூங்க இடமில்லை. இரவானால் கரை ஒதுங்க வேண்டும். அதனால் நட்பான கடற்கரை இல்லாத கப்பற்படை இரண்டு நாள் கூடத் தாங்காது.

ஆள் கணக்கையும் பார்த்தால் இந்த வழி எவ்வளவு கடினமானது என்று புரியும். 200 கப்பலுக்கு 40,000 பேர் வேண்டும். ஏதென்ஸின் ஆண் குடிமக்கள் மொத்தமே சுமார் 30,000 பேர் என்கிறார் ஹெரோடோட்டஸ். எனவே 20 கப்பல்களைச் சால்கிஸ் நகரத்தாரிடம் கொடுத்து ஓட்டச் சொன்னார்கள். சலாமிஸுக்கு முன் நடந்த ஆர்ட்டெமிசியம் கடற்போரில் பிளாட்டீயா ஆட்களும் ஏறினார்கள். கடல் வேலை தெரியாத உழவர்கள், உற்சாகத்தில் வந்தவர்கள்.

யாருக்குச் சுமை என்ற கேள்விக்கு இங்கேதான் பதில் மாறுகிறது. கேடயம், தலைக்கவசம், ஈட்டி எல்லாம் சொந்தக் காசில் வாங்க வேண்டும். அதனால் தரைப்போர் வசதியுள்ள நிலக்காரர்களின் வேலையாக இருந்தது. போரை யார் செய்கிறார்களோ அவர்களுக்கே சபையில் மரியாதையும் இருந்தது. தீட்டிஸ் எனப்பட்ட அடித்தட்டுக் குடிமக்களிடம் கவசம் வாங்கக் காசில்லை. கப்பல் வழியில் நகரத்தின் உயிர் அவர்கள் கைக்குப் போனது. மேல்தட்டிலிருந்து வந்த ஒரு செய்கை இதைக் காட்டுகிறது: கைமோன் என்ற பணக்கார இளைஞர் தன் குதிரையின் கடிவாளத்தை எடுத்துக்கொண்டு அக்ரோபொலிஸ் ஏறி, அதை அதீனா தேவியின் சன்னிதியில் வைத்துவிட்டு, அங்கே தொங்கிய கேடயங்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு கடலை நோக்கி நடந்தாராம். இனிக் குதிரைக்கு வேலை இல்லை என்று ஊருக்குச் சொல்ல வேறு பேச்சு தேவைப்படவில்லை.

ஊரைக் காலி செய்தார்கள். பெண்களும் குழந்தைகளும் பெரும்பாலும் ட்ரோய்சென் நகரத்துக்கு, மற்றவர்கள் ஏஜினாவுக்கும் சலாமிஸுக்கும். ஏஜினாவைப் பாருங்கள்: எந்தத் தீவைக் காட்டிக் கப்பல் கட்டினார்களோ அதே தீவில் பிள்ளைகளை ஒப்படைத்தார்கள். ட்ரோய்சென் மக்கள் வந்தவர்களுக்கு நாளுக்கு 2 ஓபோல் (ஒரு திராக்மாவில் மூன்றில் ஒரு பங்கு) படி கொடுக்கவும், குழந்தைகள் எந்த மரத்திலும் பழம் பறித்துக்கொள்ளவும், அவர்களுக்குப் பாடம் சொல்ல ஆசிரியர் கூலி தரவும் தீர்மானம் போட்டதாக மரபு சொல்கிறது. படகேற அவசரப்பட்ட நேரத்தில் முன்னாள் அதிகாரிகள் அடங்கிய அரியோபாகஸ் சபை கப்பல் ஏறிய ஒவ்வொருவருக்கும் 8 திராக்மா கொடுத்தது. மூன்று வருடம் முன்பு வேண்டாம் என்று விட்ட 10 திராக்மா, கிட்டத்தட்ட அதே கைகளுக்கு, வேறு காரணத்துக்காக வந்து சேர்ந்தது.

பூசந்தியா சலாமிஸா

இப்போது கப்பல் தயார், ஆட்கள் தயார். எங்கே நிற்பது? நியாயமான இரண்டு பதில்கள் மோதிக்கொண்டது இந்த இடத்தில்தான். அந்த வாதத்தைத்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன்.

தெற்குக் கிரேக்கத் தீபகற்பமான பெலொப்பொனீஸின் நகரத்தார் கொரிந்துப் பூசந்திக்குப் பின்வாங்கச் சொன்னார்கள். ஏறத்தாழ 6 கிலோமீட்டர் அகலமுள்ள அந்த நிலப்பாலத்தின் குறுக்கே, தெர்மோபைலே கணவாய்ப் போரில் இறந்த ஸ்பார்ட்டா மன்னர் லியோனிடஸின் தம்பி கிளியோம்ப்ரோட்டஸ் தலைமையில் இரவு பகலாகச் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. கல், செங்கல், மரம், மணல் கூடை என்று கிடைத்ததை எல்லாம் கொண்டுவந்து போட்டார்கள். இந்த வழிக்கு நல்ல வாதம் உண்டு. கப்பற்படை பூசந்தி அருகே நின்று தோற்றால், நீந்திக் கரையேறினால் சொந்தப் படை இருக்கிறது. சலாமிஸில் தோற்றால் தீவில் மாட்டிக்கொள்ள வேண்டும், உதவி வராது. ‘தோற்றால் என்ன மிஞ்சும்’ என்ற கேள்விக்குப் பூசந்தியின் பதிலே மேலானதாகத் தெரிகிறது.

முதல் பார்வையில்தான். கப்பல்களை எண்ணிப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி ஆகிறது. சலாமிஸில் கூடிய சுமார் 380 கப்பல்களில் ஏதென்ஸுடையவை 180, ஏஜினா 30, மெகாரா 20. பூசந்திக்குப் பின்வாங்குவது என்றால் இந்த மூன்று ஊர்களையும் கைவிடுவது என்று அர்த்தம். ஊரையே விட்டுக்கொடுக்கச் சொன்ன பிறகு அந்த 230 கப்பல்கள் எதற்காக நிற்கும்? மற்றவர்களும் அவரவர் கரையைக் காக்கக் கலைவார்கள். கப்பல் இல்லாத சுவரை எதிரி தாண்ட வேண்டியதே இல்லை. கடல் வழியாகப் பின்னால் இறங்கினால் போதும். சுவரை நம்புகிறவன் அந்தச் சுவரைக் காக்கும் கடற்படையையே கரைத்துவிடுகிறான். பூசந்தி வழியின் உண்மையான ஓட்டை இதுதான் என்று எனக்குப் படுகிறது.

இந்தக் கூட்டத்தில் நடந்த பேச்சுகள் இன்றும் சூடாக இருக்கின்றன. கொரிந்துத் தளபதி அடைமாண்டஸ், ஊரே இல்லாதவனுக்கு வாய் எதற்கு என்ற தொனியில் தெமிஸ்டோக்ளிஸை மடக்கினார். ஏதென்ஸ் அப்போது எரிந்துபோயிருந்தது. ஆள் நிரம்பிய 200 கப்பல்கள் இருக்கும்வரை எங்களுக்கு உங்களைவிடப் பெரிய நகரமும் நாடும் உண்டு என்றார் தெமிஸ்டோக்ளிஸ். பிறகு ஸ்பார்ட்டா தளபதி யூரிபியாடிஸிடம் திரும்பி, நீங்கள் இங்கே நிற்காவிட்டால் நாங்கள் வீட்டாரை ஏற்றிக்கொண்டு இத்தாலியில் உள்ள சிரிஸுக்குப் போய்விடுவோம் என்றார். குறி வந்தபோது சிலர் சொன்ன குடிபெயரும் யோசனை, வேண்டாம் என்று தள்ளிய அந்த வழி, இங்கே பேரம் பேசும் ஆயுதமாகப் பயன்பட்டது. இத்தனைக்கும் பாதிக்கு மேல் இல்லாவிட்டாலும் பாதிக்கு நெருங்கிய கப்பல்கள் ஏதென்ஸுடையவை. ஸ்பார்ட்டா கொண்டுவந்தது 16. ஆனாலும் கூட்டணி உடையக் கூடாது என்று தலைமையை ஸ்பார்ட்டாவுக்கு ஏதென்ஸ் விட்டுக்கொடுத்திருந்தது.

சலாமிஸின் பலம் குறுகிய நீர். பாரசீகக் கப்பல்கள் எண்ணிக்கையில் மிக அதிகம். அகலக் கடலில் சுற்றி வளைப்பார்கள், ஜலசந்திக்குள் அந்த எண்ணிக்கையே இடைஞ்சல். பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். எதிரி உள்ளே வந்தால்தான் இந்தத் திட்டம் வேலை செய்யும். வராமல் வெளியே காத்திருந்தால், தீவில் அடைந்திருக்கும் கிரேக்கர்களுக்குச் சாப்பாடு தீரும், ஒருவரோடு ஒருவர் சண்டை போட்டுக் கலைந்துபோவார்கள். செர்க்சிஸின் பக்கம் இருந்த ஹலிகார்னாசஸ் அரசி ஆர்ட்டெமிசியா இதையே சொன்னார்: கடற்போர் வேண்டாம், பொறுத்திருங்கள். மன்னர் கேட்கவில்லை.

அந்த ஓட்டையை அடைக்கத்தான் தெமிஸ்டோக்ளிஸ் தன் வீட்டு அடிமை சிக்கின்னஸை இரவில் எதிரி முகாமுக்கு அனுப்பினார்: கிரேக்கர்கள் தப்பி ஓடப் போகிறார்கள், வழியை மறியுங்கள் என்ற செய்தியோடு. பாரசீகர்கள் இரவெல்லாம் துடுப்பு வலித்து வாயில்களை அடைத்தார்கள். அடைந்துவிட்டது என்ற செய்தியைக் கிரேக்கர்களிடம் கொண்டுவந்தவர் அரிஸ்டைடிஸ். தெமிஸ்டோக்ளிஸின் பழைய போட்டியாளர். கி.மு. 482-இல் ஓட்டுச்சில்லில் பெயர் எழுதி ஊர் வெளியேற்றிய மனிதர். ஆபத்து வந்ததும் திரும்ப அழைத்திருந்தார்கள். பூசந்திக்குப் போகலாமா என்ற விவாதம் அத்தோடு முடிந்தது, ஏனென்றால் போக வழியே இல்லை. மறுநாள் நடந்த போர் எல்லோருக்கும் தெரியும்.

நான் அன்று சபையில் இருந்திருந்தால் சலாமிஸுக்கே கை தூக்கியிருப்பேன். அதில் ஆபத்து குறைவு என்பதால் இல்லை. தோற்றிருந்தால் அந்தத் தீவில் இருந்த கிழவர்களும் குடும்பங்களும் அடிமைச் சந்தைக்குப் போயிருப்பார்கள். மற்ற வழிகள் எல்லாம் கூட்டாளிகளில் யாரையாவது முன்கூட்டியே இழந்துவிட்டுத் தொடங்குகின்றன. இது ஒன்றுதான் எல்லோரையும் ஒரே இடத்தில் வைத்தது.

சுமார் 90 வருடம் கழித்து ரோம் இதற்கு நேர் எதிரான முடிவை எடுத்தது. கால் (Gaul) எனப்பட்ட இனத்தார் ரோமைக் கொளுத்திவிட்டுப் போன பிறகு, புதிதாகப் பிடித்த வெயி நகரத்துக்கே குடிபெயரலாம் என்று பேச்சு வந்தது. அங்கே வீடுகள் நின்றுகொண்டிருந்தன. கமில்லஸ் தடுத்தார், தெய்வங்கள் இந்த மண்ணில்தான் இருக்கின்றன என்று வாதாடினார் என்பது ரோமானிய மரபு. ஊரை அங்கேயே கட்டிக்கொண்டு, பிறகு வெயிப் பக்கத்துக் கல்லை வெட்டிக் கொண்டுவந்து சுற்றி மதில் எழுப்பினார்கள். ரோமிடம் அப்போது 200 கப்பல் கிடையாது. கையில் இருப்பதைப் பொறுத்துத்தான் ‘நகரம்’ என்ற சொல்லுக்கும் அர்த்தம் கிடைக்கிறது.

கடற்போரோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. கி.மு. 479-இல் பாரசீகத் தளபதி மார்டோனியஸ் மறுபடி வந்தார். மக்கள் மறுபடி ஊரைக் காலி செய்தார்கள். பாரசீகர்களைத் தரையில் முறியடிக்கப் பிளாட்டீயாவில் ஒரு போர் தேவைப்பட்டது. அங்கே ஏதென்ஸின் கவசக் காலாட்கள் 8,000 பேர் நின்றார்கள். கப்பல் மட்டும் போதும் என்று வாதிடுவோருக்கு நான் காட்டுவது அந்த 8,000 பேரை.

ஊர் திரும்பியதும் அவர்கள் செய்த முதல் பெரிய வேலை மதில் கட்டுவது. ஸ்பார்ட்டா வேண்டாம் என்றது. தெமிஸ்டோக்ளிஸ் ஸ்பார்ட்டாவுக்கே போய்ப் பேச்சை இழுத்தடித்தார். அதற்குள் ஆண், பெண், குழந்தை எல்லோரும் சேர்ந்து சுவரை ஏற்றினார்கள். நேரமில்லை, கல்லில்லை. இடிந்த கட்டடங்களின் துண்டுகள், செதுக்கிய சிற்பங்கள், முன்னோர்களின் சமாதிக் கற்கள், கிடைத்த எதுவும் உள்ளே போனது. கெராமெய்கோஸ் பகுதியில் அந்த மதிலைத் தோண்டியபோது அந்தக் கல்லறைச் சிற்பங்கள் சுவருக்குள்ளிருந்தே வெளியே வந்தன.